ஆப்பா ஒத்துக்கொண்ட தப்பு

எங்கள் கல்லூரி நூலகக் கம்ப்யூட்டர்களில் ஒரு சிவப்புப் பட்டை வரும். ‘பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் தவறு’ என்று அதில் எழுதியிருக்கும். எந்தக் கோளாறாக இருந்தாலும் அதே வாசகம்தான். கரண்ட் போய் சர்வர் விழுந்து கிடந்தாலும், ஒயரை எலி கடித்து வைத்திருந்தாலும், உள்ளே வர நினைத்தவரைத்தான் அது குற்றம் சொல்லும். அந்தக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆப்பாவுக்கு அந்தப் பட்டையைக் கண்டாலே ஆகாது. “எப்பப் பாரு புள்ளைங்களையே குத்தம் சொல்லுது, வெக்கங்கெட்டது” என்று திட்டுவார். திட்டிவிட்டு, எதிரில் முழித்துக்கொண்டு நிற்கும் மாணவியிடம் திரும்பி, “உன் மேல தப்பில்ல கண்ணு, தப்பு என்னோடதுதான்” என்பார்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கல்லூரியிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் அக்காவைக் கூப்பிடுவதுபோல ஆப்பா என்றார்கள். அதைக் கேட்டு, ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வரும் பிள்ளைகளும் ஆப்பா என்றார்கள். பிரின்சிபல்கூட ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆம்பூரில் தோல் வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்தும் கல்லூரி அது. நான் உதவி நூலகர், அவர் சிஸ்டம் அட்மின். நூலகத்தின் பின்னறையில் எங்கள் மேசைகள் எதிரெதிரே இருந்தன. தோல் பதனிடும் டேனரிகளின் வாடை காற்றில் தூக்கலாக வரும் நாளில் ஆப்பா எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு, “நான்தான் தொறந்து வச்சிட்டேன் போல” என்பார். திறந்து வைத்தது நான்.

இப்படி ஒரு மனுஷியோடு எப்படிச் சண்டை போடுவது? எனக்கோ சண்டை போடாமல் ஒரு நாள் போகாது. என் அம்மா ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தவள். அங்கே ஒரு ஜோடி கெட்டுப்போனால் யார் தலையில் கட்டலாம் என்று சூப்பர்வைசர் ஆள் தேடிக்கொண்டு வருவானாம். தன் தலையில் விழாமல் பார்த்துக்கொள்வதே பாதி வேலை என்பாள். அந்தப் பாடத்தோடு வளர்ந்தவள் நான். வந்து விழுவதை எல்லாம் வாங்கி மடியில் வைத்துக்கொள்ளும் ஆப்பாவைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதலாண்டுப் பெண் ஒருத்தி, சேர்ந்த புதிதில், சிவப்புப் பட்டையைப் பார்த்து அழுதே விட்டாள். தன்னைக் கல்லூரியிலிருந்தே எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஆப்பா அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். “சர்வர் கொஞ்சம் மக்கர் பண்ணுது. நான் சரியா பாக்கல. இப்ப அடிச்சுப் பாரேன்” என்று பேசிக்கொண்டே, அவள் தெரியாமல் அழுத்தி வைத்திருந்த கேப்ஸ் லாக்கை, அவள் கவனிக்காதபோது சுண்டுவிரலால் தட்டிவிட்டார். தளம் திறந்தது. பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சர்வர் நல்லபடியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் சரி, போகட்டும். வணிகவியல் துறைத் தலைவர் ஒருவர் இருந்தார். கோபம் மூக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். ஒருநாள் வகுப்பையே அழைத்துவந்து, ஏதோ காட்டப்போகிறேன் என்று உட்கார்ந்தார். மறுபடி மறுபடி அடித்தும் சிவப்புப் பட்டை போகவில்லை. “இன்னா சிஸ்டம் நடத்துறீங்க நீங்க?” என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். ஆப்பா ஓடிவந்தார். “என் தப்புதான் சார், ஒரு நிமிஷம்” என்று சொல்லி, எதையோ சரிசெய்வதுபோல் பாவனை பண்ணி, “காலேஜ் பாஸ்வேர்டு இப்ப போடுங்க சார்” என்று மெதுவாகச் சொன்னார். அந்த மனிதர் அதுவரை வீட்டு மெயில் பாஸ்வேர்டைப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் போனதும் நான் ஆப்பாவைப் பிடித்துக்கொண்டேன். “இன்னா ஆப்பா இது, அந்தாளு தப்பா அடிச்சதுக்கு நீங்க ஏன் திட்டு வாங்கணும்?”

“பசங்க எதிர்ல நிக்கிறாங்கமா. அவங்க முன்னாடி வாத்தியார் தலை குனியணுமா?”

“நீங்க குனிஞ்சா பரவால்லையா?”

“எனக்கு கிளாஸ் எடுக்கிற வேல இல்லியே” என்று சொல்லிவிட்டு டீ டம்ளரை எடுத்துக்கொண்டார். கேட்டால் இதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார். “தப்ப நான் ஒத்துக்கிட்டா அடுத்த வேல ஆரம்பிச்சுடும். யார் தப்புன்னு தேடினா அந்த வேல அங்கயே நின்னுடும்.”

கல்லூரிக்கு வெளியிலும் இதே கதைதான். ஷேர் ஆட்டோவில் யாராவது அவர் காலை மிதித்தால், “நான்தான் நீட்டிட்டிருந்தேன்” என்பார். பிரியாணிக் கடையில் சிக்கன் கேட்டு மட்டன் கட்டிக்கொடுத்தால், “நான் சரியா சொல்லல போல” என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். கணவரின் தோல் வெட்டும் யூனிட் நொடித்துப்போய் அந்த மனிதர் வீட்டில் முடங்கியபோதும், “நான் அப்பவே வேணாம்னு சொல்லியிருக்கணும்” என்றார். ஆப்பா அப்போதே வேண்டாம் என்று சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அதன்பிறகு வீடு முழுவதும் ஆப்பாவின் வேலையை நம்பித்தான் ஓடியது. ஒரே மகள். ஊழியர் பிள்ளை என்ற சலுகையில் எங்கள் கல்லூரியிலேயே பி.காம். சேர்ந்தாள். அம்மாவைப் போல இல்லை அந்தப் பெண். சரி என்றால் சரி, தப்பென்றால் தப்பு, நேரே முகத்துக்கு முன் சொல்லிவிடும் ரகம். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

ஆப்பாவை வேலை தெரியாதவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. உண்மையிலேயே கோளாறு என்றால் முகம் மாறிவிடும். எங்கள் நூலக சாஃப்ட்வேருக்கு யார் பாஸ்வேர்டும் தெரியாது. கல்லூரியில் உள்ள எல்லோருடைய பெயரும் பாஸ்வேர்டும் டைரக்டரி என்று ஓரிடத்தில் இருக்கும். ஒவ்வொரு தடவையும் சாஃப்ட்வேர் அங்கே போய், ‘இந்த ஆள் சரியான ஆளா’ என்று கேட்டுக்கொண்டு வரும். ஒருமுறை, பி.எஸ்ஸி.யிலிருந்து பி.காமுக்கு மாறிய பெண்ணால் எவ்வளவு முயன்றும் உள்ளே வர முடியவில்லை. டைரக்டரியில் அவளைப் புதுத் துறைக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். சாஃப்ட்வேர் பழைய துறையிலேயே அவளைத் தேடிவிட்டு, ஆள் இல்லை என்று திரும்பிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு ஆப்பா அதைக் கண்டுபிடித்தார்.

அன்றைக்குத்தான் எனக்கு இன்னொன்றையும் விளக்கினார். “கம்பெனிக்குள்ள போக கேட் பாஸ் வேணும்ல, அது மாதிரி டைரக்டரிக்குள்ள போக இந்த சாஃப்ட்வேருக்கே ஒரு கேட் பாஸ் இருக்குமா. அதுக்குன்னு தனிப் பேரு, தனி பாஸ்வேர்டு. அது செத்துப்போச்சுன்னா அவ்ளோதான். யாரு வந்தாலும் செவப்புப் பட்டைதான்.”

பிறகு பெங்களூரிலிருந்து ஒரு கன்சல்டன்ட் வந்தான். கல்லூரி நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் கரஸ்பாண்டன்ட்டின் மருமகன் வழியில் சொந்தம் என்றார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்தில் பட்டையோடு அடையாள அட்டை, பேச்சில் பாதி புரியாது. டைரக்டரியைத் திறந்து மாற்றும் பாஸ்வேர்டை, அதன் சாவியை, ஆப்பாவிடமிருந்து தன் கம்பெனிக்கு வாங்கிக்கொண்டான். இனிமேல் எல்லாப் பாஸ்வேர்டும் குறிப்பிட்ட காலத்தில் தானாகவே காலாவதியாகும், புதிதாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கூட்டம் போட்டுச் சொன்னான். நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். ஆப்பா எழுந்து, “தம்பி, லைப்ரரி சாஃப்ட்வேர் கணக்குக்கு மட்டும் விலக்கு குடுத்துடுங்க. அது ஆள் இல்ல, தானா மாத்திக்காது. காலாவதி ஆச்சுன்னா ஒருத்தரும் உள்ள வர முடியாது” என்றார். அவன் தலையை ஆட்டி, “நோட் பண்ணிக்கிட்டேன் மேடம்” என்றான். நோட் பண்ணிக்கொண்டதோடு சரி.

கடைசியாண்டு மாணவர்கள் ப்ராஜெக்ட்டை நூலகத் தளத்தில் ஏற்ற வேண்டும். அங்கிருந்துதான் அது பல்கலைக்கழகத்துக்குப் போகும். நம் பிள்ளைகள் எதையும் கடைசி நாளுக்குத்தான் வைப்பார்கள். அந்தக் கடைசி நாள் காலையில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் சிவப்புப் பட்டை வந்தது. பென்டிரைவில் வாங்கி நானே ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நானும் அதே கதவு வழியாகத்தான் போக வேண்டும். எனக்கும் சிவப்புதான்.

ஆப்பா வந்தார், சிலவற்றைத் தட்டிப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. “கேட் பாஸ் செத்துப்போச்சு” என்றார்.

“புதுசா போடுங்க ஆப்பா!”

“சாவி என்கிட்ட எங்கமா இருக்கு?”

கன்சல்டன்ட்டுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. அவன் கம்பெனிக்குப் போட்டார். அவரிடமே கேளுங்கள் என்றார்கள். நாள் முழுக்கப் போனும் கையுமாக நின்றார். நூலக வாசலில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆப்பா தண்ணீர் கேனை அவர்கள் நடுவில் கொண்டுவந்து வைத்து, “தப்பு என்னோடதுதான் கண்ணுங்களா, கொஞ்சம் பொறுங்க” என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். சாயங்காலம் அவன் போனை எடுத்தபோது பல்கலைக்கழகத் தளம் மூடிவிட்டிருந்தது.

மறுநாள் ஷூ கம்பெனிகளில் பெர்மிஷன் போட்டுவிட்டுத் தாய் தகப்பன்கள் வந்து வாசலில் நின்றார்கள். ஒரு பையனுக்குச் சென்னையில் வேலை சொல்லி வைத்திருந்தார்கள், ரிசல்ட் வராவிட்டால் போய்விடும். கரஸ்பாண்டன்ட் அறையில் விசாரணை நடந்தது. மாணவிகளில் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஆப்பாவுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு ஒருத்தி, “ஆப்பா மாதிரி யாரும் கெடையாது சார். எது நடந்தாலும் என் தப்புதான்னு சொல்வாங்க” என்றாள்.

“எது நடந்தாலும் தன்னோட தப்புன்னு அவங்களே சொல்வாங்களா?” என்றார் கரஸ்பாண்டன்ட்.

“ஆமா சார், எப்பவும்.” அடுத்தவளும் ஆசையாகத் தலையாட்டினாள்.

நான் விடவில்லை. கூட்டத்தில் ஆப்பா எழுந்து நின்று சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன். கன்சல்டன்ட் என்னைப் பார்க்காமல், “அப்படி யாரும் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல சார்” என்றான். கூட்டத்திலிருந்த மற்றவர்களுக்கும் திடீரென்று ஞாபகம் போய்விட்டது. வணிகவியல் தலைவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குரலை உயர்த்தினேன். கரஸ்பாண்டன்ட் கையைக் காட்டி நிறுத்தினார்.

“பாருங்க, பசங்களுக்கு இன்னொரு சான்ஸ் கேட்டு யுனிவர்சிட்டிக்கு எழுதணும். காலேஜ்ல யாரோட தப்புன்னு தெளிவா எழுதினாத்தான் அவங்க ஒத்துக்குவாங்க. அது முடிவாகாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

ஜன்னல் வழியாக வாசலில் நின்றவர்கள் தெரிந்தார்கள். ஆப்பா கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்தார். பிறகு துப்பட்டாவைத் தலைமேல் சரிசெய்துகொண்டு, “தப்பு என்னோடதுதான் சார். அப்படியே எழுதிடுங்க. இன்னைக்கே அனுப்பிடுங்க” என்றார்.

வராந்தாவில் அவர் கையைப் பிடித்து உலுக்கினேன். “பைத்தியமா உங்களுக்கு? கேப்ஸ் லாக் தட்டிவிடற விஷயமா இது? வேல போய்டும் ஆப்பா!”

“தெரியும்மா. நீ சொன்னது நெஜம்தான். அத நெஜம்னு காட்டறதுக்குள்ள பசங்களுக்கு வருஷமே போய்டும்” என்றார்.

பிள்ளைகளுக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. ஆப்பாவுக்கு வேலை போனது. மகள் மட்டும் அதே சலுகையில் தொடர்ந்து படிக்கலாம் என்று கரஸ்பாண்டன்ட் பெரிய மனது பண்ணினார். அந்தப் பெரிய மனதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மகள் கொதித்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் பெண்ணும் தமக்குள் உருதுவில் பேசிக்கொள்வார்கள், நான் இருந்தால் தமிழுக்கு வந்துவிடுவார்கள். “அம்மீ, நீ உண்மையச் சொல்லு. இது உன் தப்பா இல்லியா? இல்லன்னு ஒரு வார்த்த சொல்லு. நாளைக்கே நான் கரஸ்பாண்டன்ட் ரூம்ல போய் நிக்கிறேன். சீட் போனா போகட்டும்.”

சொல்லிவிடுங்கள் என்று நான் கண்ணால் கெஞ்சினேன். ஆப்பா என் பக்கமே திரும்பவில்லை. மகளின் முகத்தைப் பார்த்து, “என் தப்புதான்மா. காலாவதி தேதி எனக்குத் தெரியும். மறந்துட்டேன்” என்றார்.

அதுவரை எத்தனையோ தடவை அவர் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மறந்துவிட்டேன் என்று காரணம் சேர்த்துச் சொன்னது அன்றுதான். “எல்லாரும் உன்னத் திட்டறாங்க, நான் ஒவ்வொருத்தர் கிட்டயும் சண்ட போட்டுட்டு வந்திருக்கேன். மறந்துட்டேன்னு இவ்ளோ சாதாரணமா சொல்ற” என்றாள் மகள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ சொல்லிடாத. அவ படிப்பு முடியட்டும்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சரி என்றேன்.

மகள் படித்து முடித்தாள், பெங்களூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலையும் கிடைத்தது. அம்மாவோடு பேச்சு மட்டும் சாப்பாடு, மாத்திரை என்ற அளவில் நின்றுபோயிருந்தது. அவளை ரயில் ஏற்றிவிட ஆம்பூர் ஸ்டேஷனுக்கு ஆப்பாவோடு நானும் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்தும் அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆப்பா ரயில் போகும்வரை கையை ஆட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “படிப்பு முடிஞ்சுடுச்சு, வேலையும் கெடைச்சாச்சு. இன்னும் எதுக்கு ஆப்பா மறைக்கணும்? நான் இன்னைக்கே போன் பண்ணிச் சொல்றேன்.”

“வேணாம்.”

“ஏன்?”

ஆப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். “இப்ப சொன்னா, இத்தன வருஷம் அம்மீ கிட்ட பேசாம இருந்துட்டேனேன்னு அழுவா. தப்பு அவளோடதா ஆயிடும்மா” என்றார். “அவ தாங்க மாட்டா. நான் தாங்கிடுவேன்.”

டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு இருவரும் நடந்தே வீடு திரும்பினோம்.

போன வருஷம் ஆப்பா இறந்துபோனார். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் பல வாரம் கிடந்தார். மகள் வேலையை விட்டுவிட்டு வந்து கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், ஜியாரத் என்று ஓதுவார்கள், அதற்குப் போயிருந்தேன். பெண்கள் இருந்த அறையில் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

“கடைசியில அம்மீயோட நல்லா பேசிட்டேன் மேடம்” என்றாள். “அந்தக் காலேஜ் விஷயத்த நான் மனசுல வச்சுக்கல, உன்ன எப்பவோ மன்னிச்சுட்டேன்னு சொன்னேன். அம்மீ என் கையப் புடிச்சுக்கிட்டு ஷுக்ரியான்னு சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.”

செய்யாத தப்புக்கு மன்னிப்பை வாங்கிக்கொண்டு, அதற்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் பாவி மனுஷி.

அவள் தரைவிரிப்பிலிருந்து நிமிர்ந்து என் முகத்தை நேரே பார்த்தாள். “மேடம், நீங்க அன்னைக்கு அங்கதான் இருந்தீங்க. எல்லாம் உங்களுக்குத் தெரியும். அது அம்மீ தப்புதானே?”

அந்தக் கண்ணில் பயம் இருந்தது. இல்லை என்று நான் சொல்லிவிடுவேனோ என்ற பயம். இந்த ஒரு கேள்விக்கு இல்லை என்று சொல்லத்தானே அன்று கரஸ்பாண்டன்ட் அறையில் அத்தனை பேர் எதிரில் கத்தினேன். பதில் நாக்கு நுனியில் நின்றது.

“ஆமாம்மா. அவங்க தப்புதான்” என்றேன்.

அவள் பெருமூச்சு விட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள்.